ஒயின்: இளசும் முதிர்ந்ததும்

நம்மூரில் 'ஒயின் ஷாப்' என்று பலகை மாட்டிய கடைகளில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்ற காலம் ஒன்று இருந்தது. அதனாலோ என்னவோ, ஒயினைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. ஒன்று, அது இனிப்பாக இருக்கும். இரண்டு, எவ்வளவுக்கெவ்வளவு பழசோ அவ்வளவுக்கவ்வளவு உசத்தி. அமெரிக்கா வந்து இரண்டு அலுவலக விருந்துகளுக்குப் போனால் முதல் நம்பிக்கை தானாகவே கழன்றுவிடும். இரண்டாவது அவ்வளவு லேசில் போகாது. பரிசாக வந்த பாட்டிலைப் 'பத்து வருஷம் கழித்துத் திறக்கலாம்' என்று ஃப்ரிட்ஜின் தலையில் வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கே நாலைந்து பேர் உண்டு.

உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியதுதான். நாள்பட நாள்பட மேம்படுவது சிறிய பங்கு. அந்தச் சிறிய பங்கில் எது சேரும் என்பதை, ஒயின் இளசாக இருக்கும்போதே சுவைத்துச் சொல்லிவிட முடியுமா? ஒயின் உலகின் பணமும் கௌரவமும் இந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கின்றன. இதற்கு ஒரு பரிசோதனை போலவே ஒன்று நடந்து, அதன் முடிவு முப்பது வருடம் கழித்து வந்தது. அதற்குப் போவதற்கு முன் பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள நம் அறுசுவையில் உள்ள துவர்ப்பு போதும். வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, கடுக்காய் ஆகியவற்றைக் கடித்தால் நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடிக்குமே, அதே சங்கதிதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்கள் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. இதனால்தான் விஞ்ஞானிகள் துவர்ப்பை ஒரு சுவையாகவே சேர்ப்பதில்லை, தொடுவுணர்ச்சி என்கிறார்கள். (நம் முன்னோர் பட்டியலில் சேர்த்தார்கள். சமையலுக்கு அதுதான் உதவுகிறது.) கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவதற்கும், இளம் சிவப்பு ஒயினோடு சீஸ் சாப்பிட்டால் அது சாதுவாகிவிடுவதற்கும் காரணம் ஒன்றேதான். டானினுக்கு எச்சிலை விட்டால் வேறு புரதம் கிடைத்துவிடுகிறது.

பாட்டிலில் வருடங்கள் போகப்போக இந்த டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பிணைந்து மாறுகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. துவர்ப்பு மெத்தென்று ஆகிறது. நிறமும் கூடவே போகிறது. நாவற்பழச் சாறு போலிருந்த இளம் ஒயின், விளிம்பிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு வருகிறது. வெள்ளை ஒயினில் நேர் எதிர்: வெளிர்பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி, பொன்னாகி, கடைசியில் தேன் நிறமாகக் கறுக்கும். புதுப்புளிக்கும் பழைய புளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலேயே சொல்லும் நம் பாட்டிமார்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

ஆகவே சுவைத்தறிதல் கண்ணிலிருந்து தொடங்குகிறது. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பிடித்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள். பிறகு கிளாஸைச் சுழற்றிவிட்டு மூக்கை நன்றாக உள்ளே விட்டு முகருங்கள். சுழற்றுவது பந்தாவுக்காக அல்ல. காற்றுப் பட்டால்தான் வாசனை எழும்பும்.

இங்கேதான் நமக்கு ஒரு சிக்கல். ஆங்கிலக் குறிப்புகளில் வரும் பழங்களில் பாதியை நாம் சின்ன வயதில் பார்த்ததே இல்லை. கருப்பு கரன்ட் வாசனை என்று எழுதியிருந்தால், அந்தப் பழத்தை எங்கே போய்த் தேடுவது? தேடவே வேண்டாம் என்பது என் கட்சி. நம் மூக்கில் இருக்கும் அகராதியே போதும். நியூசிலாந்து சாவின்யோன் பிளாங்கில் கொய்யா வாசனை தூக்கலாக இருக்கும். சரியாகப் பழுக்காத காபர்னேயில் பச்சைக் குடமிளகாய் வாசனை வரும். இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு வகை வேதிப்பொருள்கள். ஷிராஸில் மிளகு வாசனை என்று எழுதுவார்களே, அது வெறும் உவமை இல்லை. ரொட்டண்டோன் என்ற அதே மூலக்கூறுதான் நம் மிளகிலும் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது என்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். ஓக் மரப் பீப்பாய் கொடுக்கும் வாசனைகளில் கிராம்பும் வனிலாவும் உண்டு.

இளம் ஒயினில் முன்னால் வந்து நிற்பவை இந்தப் பழ வாசனைகளும் மரவாசனையும்தான். முதிர்ந்ததில் அவை பின்வாங்கி, வேறு கூட்டம் உள்ளே வருகிறது: புகையிலை, பழைய தோல் பை, காய்ந்த அத்தி, காளான், மழை பெய்து ஓய்ந்த மண். ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின் முதிர்ந்தால் மண்ணெண்ணெய் வாசனை வரும். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அது உடனே பிடிபடும். அதற்காகவே அதிக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் நம்புவது கஷ்டம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் மட்டும் அது வயதின் குணம் இல்லை, கார்க்கின் கோளாறு. தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாயில் ஒரு மடக்கு எடுத்துச் சுழற்றி, நான்கைப் பாருங்கள்: புளிப்பு, துவர்ப்பு, பழத்தின் செறிவு, விழுங்கிய (அல்லது துப்பிய) பின் எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது. துப்புவது மரியாதைக் குறைவு இல்லை. ஒரே நாளில் இருபது ஒயின் சுவைப்பவர்கள் துப்பாவிட்டால் பத்தாவதுக்கு மேல் மதிப்பெண் போட ஆள் இருக்காது.

இளம் ஒயினிடம் கேட்க வேண்டியது 'இது இப்போது இனிமையாக இருக்கிறதா' என்பது மட்டுமல்ல, 'இதில் சரக்கு இருக்கிறதா' என்பதும். துவர்ப்பும் புளிப்பும் நிறைய இருந்து பழம் குறைவாக இருந்தால், துவர்ப்பு அடங்குவதற்குள் பழம் செத்துவிடும். பழம் ஏராளமாக இருந்து புளிப்பு இல்லாவிட்டால், சில வருடங்களில் ஜாம் போல் தொய்ந்துவிடும். மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். போதாக்குறைக்கு, போர்தோ போன்ற ஒயின்களுக்கு நடுவில் ஓர் ஊமைப் பருவம் உண்டு என்பார்கள். இளமையின் பழமும் போய், முதுமையின் வாசனையும் வராமல், வாயைத் திறக்காமல் கிடக்கும். சோதித்துப் பார்ப்பவருக்கு இதைவிட மோசமான சமயம் கிடையாது.

இந்த ஊமைப் பருவத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 1976-ல் துணைக்கு அழைத்தார்கள்.

அந்த வருடம் மே 24 அன்று, பாரிஸில் ஒயின் கடையும் ஒயின் பள்ளியும் நடத்திவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், தன் அமெரிக்க சகா பட்ரீஷியா கல்லாஹருடன் சேர்ந்து ஒரு போட்டி வைத்தார். பெயர் மறைத்த பாட்டில்கள். நடுவர்கள் 9 பேர், அனைவரும் பிரெஞ்சு ஒயின் உலகின் பெரிய தலைகள். சிவப்பில் கலிஃபோர்னியா 6, போர்தோ 4. வெள்ளையில் கலிஃபோர்னியா 6, பர்கண்டி 4. முடிவு தெரியும் என்று நினைத்ததால் பத்திரிகைக்காரர்கள் எட்டிப்பார்க்கவில்லை. வந்தவர் டைம் இதழின் ஜார்ஜ் டேபர் ஒருவர்தான். வெள்ளையில் ஷாட்டோ மான்டெலீனா 1973 முதலிடம். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம். மிகச் சொற்ப வித்தியாசத்தில் ஷாட்டோ மூட்டோன் ரோத்சைல்ட் 1970 இரண்டாமிடம். இரண்டு முதலிடங்களும் நாபா பள்ளத்தாக்குக்கு. நடுவர்களில் ஒருவரான ஓடெட் கான் தன் மதிப்பெண் தாளைத் திரும்பக் கேட்டார் என்பது பிரசித்தம்.

இந்தக் கதையை நாபாவில் எந்த ஒயினரிக்குப் போனாலும் சொல்வார்கள். பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு இதற்குப் பிறகு வந்த வாதம்தான் சுவாரசியமாகப் படுகிறது. 'எங்கள் ஒயின் ஆறு வயதில் குடிப்பதற்குச் செய்யப்பட்டதில்லை. உங்களுடையது வெயிலில் சீக்கிரம் பழுத்தது, இப்போது இனிக்கும், பிறகு சரிந்துவிடும். முப்பது வருடம் கழித்துப் பார்க்கலாம்' என்பது பிரெஞ்சுத் தரப்பின் வாதத்தின் சாரம். சப்பைக்கட்டு என்று ஒதுக்கிவிட முடியாத வாதம் இது. மேலே சொன்ன வேதியியல்படி முழுக்க நியாயமானது. ஒரே குறை, காத்திருந்தால்தான் நிரூபிக்க முடியும்.

காத்திருந்தார்கள். 1986-ல் நியூயார்க்கில், அதே வருடத்து அதே சிவப்பு ஒயின்களை மறுபடி பெயர் மறைத்து வைத்தார்கள். (வெள்ளை ஒயின்களின் காலம் முடிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.) முதலிடம் க்ளோ து வால் 1972. பாரிஸில் எட்டாவதாக வந்த ஒயின்! அதைச் செய்த பெர்னார் போர்த்தே நாபாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர் என்பதில் யாருக்கு ஆறுதல் என்று தெரியவில்லை. பிறகு 2006 மே 24, சரியாக முப்பது வருடம். நாபாவிலும் லண்டனிலும் ஒரே நாளில் இரண்டு நடுவர் குழுக்கள் சுவைத்தன. 1976-ல் பாரிஸில் இருந்தவர்களில் சிலரும் அவற்றில் இருந்தார்கள். இரண்டு ஊர்களிலும் முதலிடம் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971. ஒட்டுமொத்தத்தில் முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே. மூட்டோன் ஆறாவது.

ரிட்ஜின் பயணத்தைப் பாருங்கள்: 1976-ல் ஐந்தாவது, 1986-ல் நியூயார்க்கில் இரண்டாவது, 2006-ல் முதலாவது. 'காத்திருந்தால் எது நல்லது என்று தெரியும்' என்ற பிரெஞ்சு வாதம் பலித்துவிட்டது. ஒயின் மட்டும் வேறாகிவிட்டது.

இந்த ரிட்ஜ், சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குப் பக்கத்து வீடு. கூபர்டினோவுக்கு மேலே, சான்டா குரூஸ் மலையில் உயரத்தில் இருக்கிறது மான்டே பெல்லோ தோட்டம். 1959-ல் அதை வாங்கியவர்கள் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சிக் கழகத்தின் எஞ்சினியர்கள்! அவர்களில் சார்லி ரோசன், ஷேக்கி என்ற புகழ்பெற்ற ரோபோவை உருவாக்கிய செயற்கை நுண்ணறிவுக் குழுவைத் தொடங்கியவர். வார இறுதிப் பொழுதுபோக்காக ஆரம்பித்தது. 1969-ல் ஒயின் செய்ய வந்து சேர்ந்த பால் டிரேப்பர் படித்ததோ தத்துவம். மலை உயரமும் பசிபிக் கடலின் குளிர்காற்றும் சேர்ந்து அங்கே திராட்சை மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு குறைவதில்லை. நீண்ட ஆயுளுக்கு வேண்டிய சரக்கு அதுதான். 'கலிஃபோர்னியா என்றால் வெயில்' என்று மொத்தமாக முடிவு கட்டியவர்கள் கோட்டை விட்டது இந்த மலையைத்தான்.

எஞ்சினியர் புத்தி சும்மா இருக்காது என்பதால் இதையும் சொல்லவேண்டும். ஒன்பது நடுவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் என்பது புள்ளியியலுக்குப் போதாது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒரே ஒயினை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார் ராபர்ட் ஹாட்ஜ்சன். 2008-ல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஓரளவு ஒரே மாதிரி மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். ஆகவே இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு கண்டங்களில், கலந்து பேச வழியில்லாத இரண்டு குழுக்கள் ஒரே ஒயினை முதலில் வைத்ததை ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை.

நீங்களே இதைச் சின்ன அளவில் செய்து பார்க்கலாம். அரிய பாட்டில் ஒன்று வாங்குவதைவிட, நல்ல புளிப்பும் துவர்ப்பும் உள்ள சுமாரான விலை ஒயினில் மூன்று பாட்டில் வாங்குங்கள். ஒன்றை இப்போதே திறந்து நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்ததை நான்கு வருடத்தில், மூன்றாவதை எட்டு வருடத்தில் திறந்து பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். 13 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் நிலையாக இருக்கும் இருட்டான இடம், கார்க் காயாமல் இருக்கப் படுக்கை வாக்கு, இவ்வளவுதான் தேவை. ஃப்ரிட்ஜின் தலை வேண்டாம். வீட்டிலேயே சூடும் அதிர்வும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. கோடையில் கராஜும் கூடாது.

இளம் சிவப்பு ஒயினைக் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அகன்ற குடுவையில் ஊற்றி வைத்தால் முறுக்கு தளரும். முதிர்ந்ததற்கு அந்த வைத்தியம் செய்யாதீர்கள். முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறங்கவிடுங்கள். கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, வண்டல் கழுத்துக்கு வரும் வரை ஒரே ஓட்டமாக மெதுவாக ஊற்றி, உடனே முகர ஆரம்பித்துவிடுங்கள். முப்பது வருடம் தாங்கிய வாசனை, காற்றுப் பட்டால் சில சமயம் அரை மணி நேரம்கூடத் தாங்காது.