உண்டியல்: சீட்டு பெட்டியான கதை

‘உண்டியலில் காசு அனுப்பிவிட்டேன்’ என்று டொரொண்டோவிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணத்துக்குப் போன் செய்தால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அதே வாக்கியத்தைக் கருங்குழியில் ஒரு பள்ளிப் பிள்ளையிடம் சொன்னால், மண் கலயத்தைப் பார்சல் கட்டியா அனுப்பினார்கள் என்று கேட்கும். (நான் சொல்வது மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால், ரயில் நிலையத்தோடு இருக்கிற கருங்குழி. வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வேறு. அது வடலூர்ப் பக்கம்.)

இலங்கைத் தமிழர் சொல்லும் உண்டியல் ஒரு கைமாற்று ஏற்பாடு. வெளிநாட்டில் ஒரு முகவரிடம் பணத்தைக் கட்டினால், வங்கிப் பக்கமே போகாமல், அவருடைய ஆள் ஊரில் ரூபாயை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பார். சட்டம் இதை ஏற்பதில்லை, ஆனாலும் நடக்கிறது. சிங்களத்திலும் இதற்கு உண்டியல் என்றே பெயர். நம் பக்கத்தில் உண்டியல் என்றால் வாய் கிழிந்த பெட்டி. இவற்றில் எது மூத்த பொருள் என்றால், ஐயமில்லாமல் இலங்கைக்காரர் சொல்வதுதான்.

சொல் வடக்கிலிருந்து வந்தது. இந்துஸ்தானியில் ஹுண்டி, அதற்கு முன், 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய ராஜதரங்கிணியிலேயே ‘ஹுண்டிகா’ இருக்கிறது. ‘இந்தச் சீட்டைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு கொடுக்கவும்’ என்று ஒரு வணிகர் இன்னொரு ஊர் வணிகருக்கு எழுதும் ஓலைதான் அது. தமிழுக்கு வந்ததும் ஹகரம் உதிர்ந்தது, வாலில் ஓர் ‘அல்’ முளைத்தது. 1862இல் அச்சான வின்சுலோ அகராதியில் உண்டியலுக்குப் பொருள் இந்தப் பணவோலைதான். நகரத்தார் கணக்கில் காட்டியவுடன் பணம் தரவேண்டியது தர்சன உண்டியல், கெடு முடிந்து தரவேண்டியது தவணை உண்டியல். 1881இல் மாற்றுமுறைச் சீட்டுகளுக்கென்று ஆங்கிலேயர் சட்டம் எழுதியபோதுகூட, கீழை மொழிகளில் எழுதப்படும் இந்தச் சீட்டுகளின் உள்ளூர் வழக்கத்தில் கைவைக்கவில்லை. வழக்கம் அவ்வளவு உறுதியாக இருந்தது.

காசைத் தின்று வயிறு வளர்ப்பதால் ‘உண்டி’யிலிருந்து உண்டியல் வந்தது என்று சொல்வாருண்டு. கேட்க ருசியாக இருக்கிறது. ஆனால் ஓலை எதையும் தின்னாது. பெட்டி என்ற பொருள் பிந்தியது என்பதால் இந்த விளக்கம் நிற்காது.

ஓலை ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் செங்கற்பட்டுச் சீமையே சாட்சி. கடற்கரையில் கடப்பாக்கத்துக்குப் பக்கம் இருக்கிற ஆலம்பறைக் கோட்டையில் நவாபு காலத்தில் நாணயச் சாலை இருந்தது. ஆலம்பறை வராகன் பேர்பெற்ற நாணயம். சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக ஒரு வராகனைச் சில்லறையாக மாற்றினால் 3,360 செப்புக்காசு. 1818இல் ரூபாய் கணக்கு வரும்வரை இந்தப் பாடுதான். நாலு வராகன் கடனைக் காசாகக் கட்ட நினைத்தவன் மூட்டை கட்டிச் சுமந்திருக்க வேண்டும். வழியும் நல்ல வழி இல்லை. கருங்குழிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். 1759இல் ஆங்கிலேயத் தளபதி கூட் பிடித்தார். 1780இல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது மறுபடி போர்க்களம். அந்தச் சாலையில் மடியில் கனத்தோடு போவதைவிட, மடித்த சீட்டோடு போவது மேல்.

அதே கருங்குழிக் கோட்டைக்குள், வரியாக வந்த தானியத்தைக் கொட்டிவைத்த பெரிய களஞ்சியங்களின் இடிபாடுகள் கிடந்ததாக ஆங்கிலேயர் காலத்துக் கெசட்டியர் சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கடைக்காரரின் கல்லாப்பெட்டி நினைவுக்கு வந்தது. ‘கல்லா’ உருது வழியாக வந்த சொல்தான், அங்கே அதற்குத் தானியம் என்றும் பொருள், கடைப் பணப்பெட்டி என்றும் பொருள். அரபியில் அதன் முதற்பொருள் விளைச்சல். நெல் போட்ட இடம் காசு போடும் இடமாயிற்று. ஆங்கிலத்தில் இன்னொரு கூத்து: பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’, பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அங்கே பெட்டி பணமானது. இங்கே பணவோலை பெட்டியானது. அதே எழுத்துக்கூட்டில் சிறு செப்பு நாணயத்தைக் குறித்த வேறொரு ‘கேஷ்’ ஆங்கிலத்தில் உண்டு. அது நம் காசு, போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து போனது.

சரி, ஓலை எப்படிப் பெட்டியானது? நேர்ச் சான்று எதையும் நான் காட்டப்போவதில்லை. கோயில்தான் நடுவில் நின்றது என்பது என் ஊகம். மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசு மலைக் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். பெட்டியில் போட்டால் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு. இங்கே கட்டி அங்கே சேர்ப்பது, அதாவது உண்டியல். கை மாறியது மாறியதுதான் என்ற ஓலையின் குணமும் கோயில் பெட்டிக்கு அப்படியே உண்டு. 2024 டிசம்பரில் செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்போரூர்க் கந்தசுவாமி கோயிலில் உண்டியலைத் திறந்தபோது உள்ளே ஒரு ஐபோன் கிடந்தது. தவறி விழுந்ததென்று பறிகொடுத்தவர் கேட்டார். உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம், வேண்டுமானால் அதிலுள்ள தகவல்களை எடுத்துக்கொள்ளலாம் என்றது கோயில் நிர்வாகம். அறநிலையத் துறையின் 1975ஆம் ஆண்டு உண்டியல் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. உண்டியலில் விழுந்த குழந்தை அம்மனுக்கே சொந்தமாகிற ‘பாளையத்து அம்மன்’ படத்தை ஊரே நினைத்துச் சிரித்தது.

வீட்டு உண்டியல் இந்த விதியை மீறுகிற பிள்ளை. போட்ட காசு போட்டவருக்கே சொந்தம், ஆனால் கைக்கு எட்டாது. குயவர் சக்கரத்தில் கலயத்தை ஏற்றி, வாயை உள்ளே குவித்துக்கொண்டே வந்து உச்சியில் ஒரு குமிழாக மூடிவிடுவார். மண் பாதி காய்ந்து, விரல் பட்டால் அமுங்காத பதத்தில் தோளோரம் கத்தியால் கீறல் போட வேண்டும். ஈரத்தில் கீறினால் உதடு சரியும். முழுதும் காய்ந்தபின் கீறினால் வெடிக்கும். காய்ந்து சூளையில் வெந்தால் மண் சுருங்கும், கீறலும் கூடவே சுருங்கும். அதனால் காசைவிடத் தாராளமாகவே கீற வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர்; சுருங்கியபின் கீறல் அதைவிடக் குறுகினால் அது தலையை நுழைக்காது. சூளையில் உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேறுவதும் அந்தக் கீறல் வழியாகத்தான். உடைக்காமல் எடுக்கிற கள்ள வழி எல்லா வீட்டுக்கும் தெரியும்: கவிழ்த்துப் பிடித்து, ஈர்க்குச்சியைக் கீறலில் விட்டு, குச்சி மேல் காசைச் சறுக்கவிடுவது.

இத்தனைக்கும் சில்லறை சேர்ப்பதற்குத் தமிழில் சொந்தச் சொல் இல்லாமலில்லை. சிறுவாடு. சிறு, பாடு என்ற இரண்டும் சேர்ந்தது. சிறுபாடு என்றும் அகராதியில் உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் ஒளித்துவைத்த பணம். அதில் ‘தெரியாமல்’ என்பது சொல்லாமலே அடங்கியிருக்கிறது. உண்டியலோ அலமாரி மேல் எல்லார் கண்ணிலும் படும்படி உட்காரும்; கட்சிக்காரர் கையில் ஏறினால் தெருத்தெருவாகக் குலுங்கும், ‘உண்டியல் குலுக்கிகள்’ என்று தோழர்களுக்குப் பட்டப்பெயரும் வாங்கித் தரும். பணத்துக்குச் சிறுவாடு, கலத்துக்கு உண்டியல் என்று வேலையைப் பிரித்துக்கொண்டதால் இரண்டு சொல்லும் பிழைத்தன.

தவணை உண்டியலுக்கு இருந்த கெடு மண் உண்டியலுக்கு இல்லை என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். கெடு வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2011 ஜூன் 30இல் நாலணாவும் அதற்குக் கீழே உள்ள எல்லாக் காசும் செல்லாமல் போயின. ஆறு மூலை மூணு பைசா, சதுர அஞ்சு பைசா, விளிம்பு நெளிந்த பத்துப் பைசா எல்லாம் அதற்கு வெகுகாலம் முன்பே கடைகளை விட்டு மறைந்து உண்டியலடியில் தங்கியிருந்தவை. எட்டணா இன்னும் சட்டப்படி செல்லும், கடைக்காரர் கையை விரித்தாலும். ஆனால் அதே ஆண்டு வந்த நாணயச் சட்டத்தில் ஒரு வரம்பு இருக்கிறது: ஒரே நேரத்தில் பத்து ரூபாய்க்கு மேல் எட்டணாவாகக் கொடுத்தால் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரூபாய் நாணயமும் அதற்கு மேலும் என்றால் ஆயிரம் வரை. ஆகவே உண்டியலை உடைக்கிறவர்கள் எட்டணாக்களை இருபது இருபதாகப் பிரித்து எடுத்துப்போவது நல்லது.