ஐந்து நரம்பும் முதற்பாடமும்

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில், முருகன் கோயிலாற் பெயர்பெற்றது மண்டூர். எழுவான்கரைக் காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்தவர் விபுலாநந்த அடிகள். யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டு கழிந்தபின் அதனை ஆராயப் புகுந்த அவருக்கு, மீட்டிப் பார்க்கக் கருவியும் இல்லை, கேட்டுக் கற்க ஆசானும் இல்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் கணக்குமே துணை. 1947 ஜூனில் யாழ்நூல் அரங்கேறியது. ஜூலை 19இல் அடிகள் மறைந்தார்.

அவர் விளக்கிய பழைய நெறி தொடக்க மாணாக்கனுக்கும் எட்டுவதே. குரலுக்கு ஐந்தாவது இளி. இளிக்கு ஐந்தாவது துத்தம். அவ்வாறே விளரி, கைக்கிளை. ஐந்தே நரம்பு, பிறப்பது இன்று மோகனம் எனப்படுவது. அவ்வைந்திலே விளரியைக் குரலாகக் கொண்டால், வேறு நரம்பு வேண்டாமலே, சுத்த தன்யாசி தோன்றும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் துயரிலும் உழைப்பிலும் வளர்த்த புளூஸ் இசையைக் கித்தாரிற் பழகுவோர் பெரும்பாலும் முதலிற் பயில்வது இவ்வைந்து சுரங்களையே. மண்டூர் இளைஞன் கித்தாரை அந்நியமென்று அஞ்சவேண்டியதில்லை.

தந்தியை விரலால் வளைத்து, இரு சுரங்களுக்கிடையே நிற்கும் ஒலியை வருவிப்பதுதான் கடினம். புளூஸின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனை ஏட்டுக்கணக்கு தராது. வல்லார் வாசிப்பைப் பன்முறை கேட்டே அவன் பிடிக்கவேண்டும்.