கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏன் இவ்வளவு காய்ச்சல்? ஒரு 30 வருடக் கதை

1/
இரண்டு மாதம் முன்பு 22 வயதுப் பையன் ஒருவர் அம்மாவோடு வந்திருந்தார். இரண்டு காதிலும் "ஙொய்ய்ய்" என்று ஓயாத ரீங்காரம். ராத்திரி படுத்தால் அது இன்னும் அதிகம், தூக்கமே இல்லை. காதில் அழுக்கு இல்லை, சீழ் இல்லை, செவிப்பறை நன்றாக இருக்கிறது. ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தால் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். பல வருடம் இரைச்சலில் வேலை பார்த்தவர்களிடம் வழக்கமாகப் பார்க்கும் பள்ளம் அது.

2/
"ஹெட்ஃபோன் போடுவீங்களா தம்பி?"
"தினமும் அஞ்சு ஆறு மணி நேரம் கேம் ஆடுவேன் டாக்டர்."
"சத்தம் எவ்வளவு வைப்பீங்க?"
"ஃபுல்லாதான். இல்லாட்டி கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்துல எதிரி நடந்து வர்றதே கேக்காது."

காதைக் கெடுத்தது ஹெட்ஃபோன். ஹெட்ஃபோன் சத்தத்தைக் கூட்ட வைத்தது ஃபேன். ஃபேனை அப்படி ஓட வைத்தது கிராஃபிக்ஸ் கார்டின் சூடு. எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் பண்ணும் பழக்கம் உண்டு. அதனால் மருந்துச் சீட்டுக்குப் பின்பக்கம் கார்டுக்கும் ஒரு வைத்தியம் எழுதிக் கொடுத்தேன். அந்த வைத்தியம் என் கண்டுபிடிப்பு இல்லை. 30 வருடமாகக் கார்டு செய்தவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

3/
முதலில் ஒரே ஒரு அடிப்படை. கார்டு எத்தனை வாட் கரண்ட் குடிக்கிறதோ, அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டைச் சிப்பிலிருந்து உலோகத் தகடுகளுக்கு (ஹீட் சிங்க்) கடத்தி, ஃபேன் காற்றால் வெளியே தள்ளுகிறோம். உங்கள் உடம்பும் இதைத்தான் செய்கிறது. உள்ளே உருவாகும் சூட்டை ரத்தம் தோலுக்குக் கொண்டு வருகிறது, காற்றும் வியர்வையும் எடுத்துப் போகின்றன.

ஆக வழி இரண்டுதான். சூட்டை வேகமாக வெளியே தள்ளலாம், அல்லது சூடு உருவாவதையே குறைக்கலாம். முழு வரலாறும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

4/
1996. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வருகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண விளையாட்டு என்பதே அதற்குப் பிறகுதான் பரவலானது. அந்தச் சிப்புகள் மேல் ஃபேன் கிடையாது, ஹீட் சிங்க் கூடக் கிடையாது. மொட்டையாக இருக்கும்.

மூன்றே வருடம். 1999-ல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வரும்போது தலையில் ஹீட் சிங்க், அதன் மேல் குட்டி ஃபேன். குட்டி ஃபேனில்தான் பிரச்சினை ஆரம்பம். சின்ன இறக்கை அதே அளவு காற்றைத் தள்ள ரொம்ப வேகமாகச் சுற்ற வேண்டும். வேகம் கூடினால் சத்தம் நேர்க்கோட்டில் கூடாது, எகிறும். ஒரே ஃபேனின் வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும்.

5/
2002-ல் ஏடிஐ நிறுவனம் ரேடியான் 9700 ப்ரோவை இறக்கியது. 325 மெகாஹெர்ட்ஸ், அகலமான 256 பிட் மெமரிப் பாதை. சந்தையே ஆடிப்போனது. என்விடியாவின் பதில் தாமதமாகி 2003 தொடக்கத்தில்தான் கடைக்கு வந்தது. அதுதான் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. மெமரிப் பாதை 128 பிட்தான். அந்தக் குறையை ஈடுகட்ட வேகத்தை 500 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றியிருந்தார்கள். வேகத்தோடு சூடும் ஏறியது. அந்தச் சூட்டைத் தள்ள, கம்ப்யூட்டரில் இரண்டு ஸ்லாட் இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு ஊதுகுழல் அமைப்பு.

6/
விளையாட்டைத் திறந்ததும் அது போட்ட சத்தத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் "டஸ்ட்பஸ்டர்". கையில் பிடிக்கும் வேக்குவம் கிளீனரின் பெயர் அது. "இலை ஊதும் மெஷின்" என்றும் கிண்டல். கடைசியில் என்விடியா ஆட்களே தங்களைக் கிண்டலடித்து ஒரு வீடியோ எடுத்து வெளியிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் 9700 ப்ரோவைத் தெளிவாக முந்த முடியவில்லை.

சில மாதத்தில், 2003 மே, எஃப்எக்ஸ் 5900 அல்ட்ரா வந்தது. இதில் என்ன மாற்றினார்கள்? மெமரிப் பாதையை 256 பிட் ஆக்கினார்கள், சிப்பின் வேகத்தை 450-க்குக் குறைத்தார்கள். வேகம் குறைந்தும் வேலை நன்றாக நடந்தது, சத்தமும் அடங்கியது. முதல் பாடம் இது. ஃபேனை மாற்றி ஜெயிக்கவில்லை, சூட்டின் மூல காரணத்தை மாற்றி ஜெயித்தார்கள்.

7/
அடுத்த கதை கம்ப்யூட்டர் இல்லை, அதன் பக்கத்து வீடு. எக்ஸ்பாக்ஸ் 360. 2005 நவம்பரில் வந்தது. கொஞ்ச நாளில் உலகம் முழுக்க ஒரே புகார்: முன்பக்கம் மூன்று சிவப்பு விளக்கு எரிகிறது, மெஷின் காலி. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு வாரண்டியை மூன்று வருடமாக நீட்டியது. அதற்கு ஒதுக்கிய பணம் 100 கோடி டாலருக்கும் மேல்.

காரணத்தை அவர்களே வெளிப்படையாகச் சொன்னது 2021-ல், தங்கள் ஆவணப்படத்தில். ஆன் பண்ணினால் சூடு, ஆஃப் பண்ணினால் குளிர். இப்படி மாறி மாறி நடந்ததில் சிப்புக்குள் இருந்த நுண்ணிய ஈயப்பற்று இணைப்புகள் விரிசல் விட்டன.

8/
இதைப் புரிந்துகொள்ள ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகாது. ஐம்பது தடவை வளைத்தால் முறியும். சிலிக்கான் ஒரு அளவு விரியும், அதன் அடியில் இருக்கும் பலகை வேறு அளவு விரியும். நடுவில் மாட்டிக்கொண்ட இணைப்புதான் ஒவ்வொரு தடவையும் இழுபடும். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதை மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை, ஏறி இறங்கும் விதத்தையும் சார்ட் போட்டுப் பார்ப்போம். இங்கேயும் அதே கதைதான்.

அப்போது ஒரு "வைத்தியம்" பரவியது: மெஷினைத் துண்டில் சுற்றி ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று. சிலருக்குத் தற்காலிகமாக வேலையும் செய்தது, பிறகு மறுபடி போனது. தீப்பிடிக்கும் அபாயம் வேறு. காய்ச்சல்காரருக்குக் கம்பளி போர்த்துகிற மாதிரிதான். பழைய கார்டை ஓவனில் வைத்துச் சுடும் வீடியோக்களும் இதே ரகம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

9/
இது ஒரு நிறுவனத்தின் தவறு மட்டும் இல்லை. 2008 ஜூலையில் என்விடியா, தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் பேக்கேஜ் பொருள் பலவீனமாக இருந்து பழுதாகின்றன என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அன்று லேப்டாப் "டிஸ்ப்ளே போச்சு" என்று கடைக்குக் கொண்டு போனவர்களில் பலருக்குக் காரணமே தெரிந்திருக்காது.

10/
2010 மார்ச். ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 480. 300 கோடி டிரான்சிஸ்டர், 250 வாட். சிப்பில் 512 கோர் வடிவமைத்துவிட்டு, 480 மட்டும் இயக்கி விற்றார்கள். விளையாடும்போது 90 டிகிரியைத் தாண்டும். அதன் மேல் முட்டை பொரிக்கலாம் என்று உலகமே சிரித்தது.

அதே மார்ச்சில் இன்னொரு கூத்து. என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவரில் ஃபேன் கட்டுப்பாடு கோளாறு. சூடு ஏறியும் ஃபேன் வேகம் ஏறவில்லை. அவசரமாகத் திரும்பப் பெற்றார்கள். நம் மூளையில் ஹைபோதலாமஸ் என்று ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. அது பழுதானால் மற்ற எல்லா உறுப்பும் நன்றாக இருந்தும் உயிருக்கு ஆபத்து. அந்த மாதிரி.

11/
அதே 2010 நவம்பர், ஜிடிஎக்ஸ் 580. அதே 40 நானோமீட்டர் தயாரிப்பு முறை. இந்தத் தடவை 512 கோரும் இயங்கின, ஆனால் 244 வாட்தான். டிரான்சிஸ்டர் அளவில் உட்கார்ந்து கசிவைத் திருத்தியிருந்தார்கள். கூடவே "வேப்பர் சேம்பர்": செம்புப் பெட்டிக்குள் கொஞ்சம் திரவம், சூட்டில் ஆவியாகி, குளிர்ந்த பக்கம் போய்த் திரும்பவும் திரவமாகும். வியர்வை ஆறும்போது உடம்பு குளிர்கிற அதே தத்துவம். எட்டு மாதத்தில் அதே குடும்பத்துக் கார்டு அமைதியாகிவிட்டது.

12/
இந்த வருடத்துக் கடைசிக் கதை, இதுதான் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 2010 ஜூலையில் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது சிலருடைய கார்டு, விளையாடும்போது இல்லை, சும்மா மெனு திறந்திருக்கும்போது அதிகச் சூடானது! மெனு எளிமையான படம். எந்தக் கட்டுப்பாடும் இல்லாததால் கார்டு அதையே நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை வரைந்து தள்ளியது. வேலை இல்லாமல் மூச்சிரைக்க ஓடுவது மாதிரி. பிளிசார்ட் நிறுவனம் சொன்ன தீர்வு இரண்டு வரி அமைப்பு: விளையாட்டில் நொடிக்கு 60 ஃபிரேம், மெனுவில் 30, அதற்கு மேல் வேண்டாம்.

11 வருடம் கழித்து, 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்ட் சோதனைப் பதிப்பு. சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின. அந்தக் கார்டுகளைச் செய்த ஈவிஜிஏ நிறுவனம் ஒரு சிறு தொகுப்பில் ஈயப்பற்று சரியில்லை என்று சொல்லி மாற்றிக் கொடுத்தது. விளையாட்டுப் பக்கத்தில் மெனுவுக்கு ஃபிரேம் வரம்பு போட்டார்கள். பாடம் பழசு, படித்தவர்கள் புதுசு.

13/
2013 அக்டோபரில் ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ். "95 டிகிரியில் ஓடுவதற்காகவே வடிவமைத்தோம், பயப்படாதீர்கள்" என்ற நிலைப்பாடு. சிப்பைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அந்த 95-ஐத் தாண்டாமல் பிடிக்க ஃபேன் கத்தியது. கார்டிலேயே "அமைதி", "உச்சம்" என்று இரண்டு நிலைக்கு ஒரு குட்டி சுவிட்ச் வைத்தார்கள். சூடு, சத்தம், வேகம் மூன்றும் பேரம் பேசும் விஷயம் என்பதைப் பயனர் கையில் கொடுத்த சுவிட்ச் அது.

2014 வாக்கில் பெரிய ஃபேன்கள், சூடு குறைவாக இருக்கும்போது முழுதாக நின்றுவிடும் ஃபேன்கள் எல்லாம் சாதாரணமாகின. ஃபேன் எந்தச் சூட்டில் எவ்வளவு சுற்றணும் என்று நாமே கோடு போட ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளும் இருந்தது.

14/
அப்போ பிரச்சினை தீர்ந்துவிட வேண்டாமா? இந்தக் கணக்கைப் பாருங்கள். 2020-ல் 3090: 350 வாட். 2022-ல் 4090: 450 வாட். 2025-ல் 5090: 575 வாட். நம் வீட்டு மிக்ஸி அளவு. மிக்ஸியை நாம் அஞ்சு நிமிடம் ஓட்டுவோம். இதை அஞ்சு மணி நேரம், கதவைச் சாத்திய அறையில் ஓட்டுகிறோம். அதுவும் மே மாதத்தில். குளிர் நாட்டு யூடியூபர் 22 டிகிரி அறையில் அளந்த சத்தம் உங்கள் 36 டிகிரி அறைக்குப் பொருந்தாது. அறைக் காற்று எவ்வளவு சூடோ, அதற்கு மேல்தான் கார்டின் கணக்கே ஆரம்பிக்கும்.

15/
இனி காது. கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் காதைக் கெடுக்காது, அந்த அளவு அதற்குப் பலம் இல்லை. அதை அமுக்க நாம் கூட்டும் ஹெட்ஃபோன்தான் கெடுக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 ஆனால்? வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அந்தத் தம்பி அதை ஒரே நாளில் தாண்டிக்கொண்டிருந்தார். உட்செவியின் மயிர் செல்கள் செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைக்காது. கார்டுக்கு வாரண்டி உண்டு, அதற்குக் கிடையாது.

16/
சீட்டின் பின்பக்கம் எழுதியது இதுதான். வரிசை முக்கியம்:

அ) தூசி. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யவும்.

ஆ) ஃபிரேம் வரம்பு. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் அதற்கு மேல் வரைவது வீண் சூடு. (2010-ன் பாடம்.)

இ) வோல்டேஜ் அல்லது பவர் லிமிட்டைக் கொஞ்சம் குறைக்கவும். சிப்பின் மின்செலவில் பெரும்பகுதி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 10 சதவீதம் குறைத்தால் அந்தப் பகுதி சுமார் 19 சதவீதம் குறையும். சின்னச் சின்னப் படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் விளையாடிப் பார்க்கவும். தொங்கினால் ஒரு படி மேலே. (2003-ன் பாடம்.)

ஈ) பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கவும். சூடு நன்றாகக் குறைந்தால் குற்றவாளி கார்டு இல்லை, காற்றோட்டம்.

உ) ஃபேன் கோட்டைத் தொடுவது கடைசியில். செங்குத்தாக வேண்டாம், மெதுவான சரிவாக இருக்கட்டும். "அமைதி வேணும்" என்று முதலிலேயே ஃபேனை அமுக்குவது, நிமோனியாவுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுப்பது.

17/
போன வாரம் தம்பி மறுபடி வந்தார். கார்டு 84 டிகிரியிலிருந்து 71-க்கு இறங்கியிருக்கிறதாம். ஃபேன் சத்தம் பாதிகூட இல்லை, ஹெட்ஃபோனைப் பாதிக்குக் கீழே வைத்தே எதிரி காலடி கேட்கிறதாம். விளையாட்டில் வித்தியாசம் தெரியவில்லை என்றார். சந்தோஷம்.

காது? ரீங்காரம் குறைந்திருக்கிறது, தூக்கம் வருகிறது. முழுதாகப் போகவில்லை. ஆடியோகிராமில் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. "எப்ப டாக்டர் சரியாகும்?" என்று அம்மா கேட்டார். "இது இதுக்கு மேல பெருசாகாம பாத்துக்கலாம்மா" என்றுதான் சொல்ல முடிந்தது.

18/
உங்கள் வீட்டில் கேம் ஆடும் பிள்ளை இருந்தால் இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். விளையாட்டு நடுவில் பக்கத்தில் போய் நின்று கம்ப்யூட்டர் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு அந்த ஹெட்ஃபோனை வாங்கி உங்கள் காதில் வையுங்கள். சட்டென்று கழற்றத் தோன்றினால் திட்டாதீர்கள். 16-வது பதிவைக் காட்டுங்கள்.