பணம் மலாயாவில், கவிதை ஜாவாவில்: தாகூரின் 1927 பயணக் கணக்கு

1927 ஜூலை மாதம் சென்னைத் துறைமுகத்தில் 'அம்போய்ஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் ரவீந்திரநாத் தாகூர் ஏறினார். வயது 66. முதலில் சிங்கப்பூரும் மலாயாவும், பிறகு சுமாத்ராவைத் தொட்டுக்கொண்டு ஜாவா, பாலி, கடைசியாகச் சயாம். வங்காளத்துக்குத் திரும்பும்போது அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. பிரிட்டிஷார், டச்சுக்காரர், சயாம் மன்னர் என்று மூன்று ஆட்சிகளுக்குள் ஓடிய மூன்றரை மாதப் பயணம்.

இந்தப் பயணம் என்றதும் போரோபுதூர் கவிதையும் பாலித் தீவின் நடனமும்தான் நினைவுக்கு வரும். நான் இங்கே பார்க்க நினைப்பது செலவுக் கணக்கை. காசு யாருடையது, வழி போட்டது யார், அந்த வழி அவருக்கு எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது? பண்பாட்டுப் பயணத்தின் வரலாற்றில் யாரும் அதிகம் புரட்டாத ஏடு இது. அந்த ஏட்டில் நம்ம ஆட்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

தாகூர் ஜமீன் குடும்பம், நோபல் பரிசு வாங்கியவர், அவருக்கா காசு கஷ்டம் என்று தோன்றலாம். கஷ்டம்தான். 1901இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோதே மனைவியின் நகைகளும் புரியில் இருந்த வீடும் போயின. 1913இல் வந்த நோபல் பணத்தைப் பதிசர் என்ற ஊரில் அவர் நடத்திய விவசாய வங்கியில் போட்டு, அதன் வட்டியைப் பள்ளிக்குத் திருப்பினார். 1921இல் விஸ்வபாரதி பல்கலைக்கழகமாக அது வளர்ந்ததும் செலவும் வளர்ந்தது. அரசாங்க மானியத்தை நம்பி இயங்க அவருக்கு விருப்பமில்லை. மிச்சமிருந்த ஒரே சொத்து அவரே. அதனால் ஊர் ஊராகப் போனார், மேடை மேடையாகப் பேசினார். அவருடைய உலகப் பயணங்களில் பாதிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் கடன் நோட்டு இருக்கிறது.

1927 பயணத்துக்கு இரண்டு நோக்கங்கள். ஒன்று, ஜாவாவிலும் பாலியிலும் பழைய இந்தியப் பண்பாட்டின் தடங்களைப் பார்ப்பது. 1926இல் கல்கத்தாவில் 'அகண்ட இந்தியச் சங்கம்' தொடங்கியிருந்தது. கடல் கடந்த இந்தியாவைத் தேடுவது அன்றைய வங்காள அறிஞர்களிடையே பெரிய ஆர்வம், தாகூர் அந்தச் சங்கத்தின் புரவலர். இரண்டாவது நோக்கம் விஸ்வபாரதிக்கு நிதி. முதல் நோக்கத்தில் காசு வராது, காசு போகும். எனவே இரண்டையும் ஒரே கப்பல் வழியில் கோத்தார்கள். ஜாவாப் பகுதிக்கு வணிகர் யுகல் கிஷோர் பிர்லா கைகொடுத்தார். நிதி திரட்ட மலாயா.

இன்றைக்கு பேக்பேக்கோடு கிளம்புகிறவர்கள் செய்கிற கணக்குதான் இது. போகிற வழியில் எங்கே சம்பாதிக்கலாம், எங்கே யார் வீட்டில் தங்கலாம் என்ற கணக்கு. துணைக்கு வந்தவர்களைப் பாருங்கள். மொழியியலாளர் சுனிதி குமார் சாட்டர்ஜி, ஓவியரும் கட்டடக் கலைஞருமான சுரேந்திரநாத் கர், திரிபுராவைச் சேர்ந்த இளம் ஓவியர் தீரேந்திரகிருஷ்ண தேவவர்மன். சும்மா கூட வந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. டச்சு இசை ஆய்வாளர் ஆர்னல்டு பாக்கே அப்போது சாந்திநிகேதனில்தான் படித்துக்கொண்டிருந்தார். டச்சு மண்ணில் அவரும் மனைவியும் சேர்ந்துகொண்டதால் மொழி தெரிந்த ஆளும் கிடைத்தது.

ஆனால் பயணத்தின் அச்சாணி வேறொருவர். ஆரியம் வில்லியம்ஸ். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர், சாந்திநிகேதனில் ஆசிரியர், தாகூரின் செயலாளர்களில் ஒருவர். பின்னாளில் ஆரியநாயகம் என்ற பெயரால் அறியப்பட்டார். கவிஞர் சென்னையில் கப்பல் ஏறும் முன்னரே இவர் மலாயாவுக்கு வந்துவிட்டார். ஊருக்கு ஊர் வரவேற்புக் குழு, மண்டபம், தங்கும் வீடு, ரயிலா காரா என்ற ஏற்பாடு, யாரிடம் நன்கொடை கேட்பது என்ற யோசனை எல்லாம் இந்த முன்னேற்பாட்டில் அடக்கம்.

இந்த வேலைக்கு ஒரு யாழ்ப்பாணத் தமிழர் கிடைத்தது எவ்வளவு வசதி என்பதை மலாயா வரலாறு தெரிந்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அன்றைய மலாயாவின் ரயில்வே, நில அளவை, மருத்துவமனை, கருவூலம் என்று எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் ஒரு யாழ்ப்பாணக் குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். ஆங்கிலம் தெரிந்த, ஊர் நிலவரம் தெரிந்த, அதிகாரியின் அறைக்குள் நுழைய முடிந்த ஆட்கள். ஆரியத்துக்கு அந்தக் கதவுகள் திறக்கச் சிரமம் இருந்திருக்காது.

ஜூலை 20 அளவில் சிங்கப்பூர். முதலில் கவர்னர் ஹியூ கிளிஃபர்டின் மாளிகையில் விருந்தாளி. கிளிஃபர்டும் மலாயாவை வைத்துக் கதைகள் எழுதியவர். பிறகு சிக்லாப் கடற்கரையில் நமாசி என்ற பாரசீக வணிகரின் பங்களா. விக்டோரியா தியேட்டரில் உரை, சீனப் பள்ளி ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் சந்திப்பு. அங்கிருந்து மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று வடக்கே போகும் பாதை. சுமார் நான்கு வாரம். ஊருக்கு ஊர் மாலை, வரவேற்புப் பத்திரம், ஆங்கிலச் சொற்பொழிவு, தேநீர் விருந்து. உபசரிப்பவர் வீட்டிலேயே தங்கியதால் விடுதிச் செலவு இல்லை. விடுதிக்குக் கொடுக்காத காசுக்கு உடம்பால் கொடுக்க வேண்டியிருந்தது. ஓய்வில்லாமல் கூட்டத்துக்கு நடுவில் பேசிக்கொண்டே இருப்பதன் அலுப்பு அந்த நாட்களின் கடிதங்களில் தெரிகிறது.

அடுத்தவர் வீட்டில் தங்குவதற்கு இன்னொரு விலையும் உண்டு. அதை அவர் முந்தின ஆண்டே பார்த்திருந்தார். 1926இல் இத்தாலிப் பயணத்தின் செலவை முசோலினியின் அரசு ஏற்றது. தாகூர் அங்கே சொன்ன நன்றி வார்த்தைகளை ஃபாசிஸப் பத்திரிகைகள் ஆதரவு வாக்குமூலமாக்கிவிட்டன. எல்லையைத் தாண்டி ரொமாய்ன் ரோலனைச் சந்தித்த பிறகுதான் விஷயம் முழுதாகப் புரிந்து மறுப்பு எழுதினார். மலாயாவில் சிக்கல் எதிர்த்திசையில் வந்தது. அந்த ஆண்டு ஷாங்காய்க்கு இந்தியப் படைவீரர்களை அனுப்பிய பிரிட்டிஷ் அரசை தாகூர் கண்டித்து எழுதியிருந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் 'மலாயா ட்ரிப்யூன்' அதைக் கிளறியது. கவர்னர் மாளிகையில் சாப்பிட்டவர் இப்படியா பேசுவது என்ற தொனி. பத்திரிகையில் வந்தது திரிக்கப்பட்ட வடிவம் என்று தாகூர் தரப்பு மறுத்தது. நன்கொடை திரட்ட வந்த இடத்தில், நன்கொடையாளர்களில் பலர் வெள்ளைக்கார அரசோடு ஒட்டி வாழ்பவர்கள் என்ற நிலையில், இந்தச் சலசலப்பு எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் நடுவில் மலாயாவை விட்டுக் கிளம்பினார். அதன் பிறகு வருவது வேறொரு தாகூர். பாலியில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் மிகவும் ரசித்து எழுதியிருக்கிறார். பங்லியிலிருந்து காராங்காசெம் மன்னரோடு ஒரே காரில் பயணம். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. பேசாமல் போய்க்கொண்டிருக்கும்போது கடல் தெரிகிறது. மன்னர் கையைக் காட்டி 'சமுத்ர' என்கிறார். தொடர்ந்து கடலுக்கான சமஸ்கிருதப் பெயர்களை அடுக்குகிறார். பிறகு மலைகள், நதிகள், கங்கை, யமுனை. பார்த்தே இராத நாட்டின் பெயர்களை ஒருவர் மனப்பாடமாகச் சொல்ல, அந்த நாட்டிலிருந்து வந்த கவிஞர் உருகிப் போகிறார். ஜாவாவில் சுராகார்த்தாவின் மங்குநெகாரா அரண்மனை, யோக்யாகார்த்தா, பிரம்பானான், போரோபுதூர். கவிதைகள் வந்துகொண்டே இருந்தன.

அந்த உருக்கத்தில் பொய் இல்லை. என்றாலும் வழி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1926 நவம்பரில் ஜாவாவிலும் 1927 ஜனவரியில் சுமாத்ராவிலும் கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பிடிபட்டவர்களை நியூகினியின் போவன் டிகூல் முகாமுக்கு டச்சு அரசு நாடுகடத்திக்கொண்டிருந்த ஆண்டு அது. அரண்மனைகளையும் கோயில்களையும் இணைத்த பாதையில் அது இல்லை. யோக்யாகார்த்தாவில் கி ஹஜர் தேவந்தாராவின் தாமான் சிஸ்வா பள்ளிக்குப் போனது ஒரு நல்ல விலகல். 1922இல் தொடங்கிய அந்தச் சுதேசிப் பள்ளியில் தாகூர் பழம்பெருமைக்குப் பதிலாக தன்னைப்போலவே யோசிக்கும் சமகாலத்தவரைச் சந்தித்தார்.

இப்போது மலாயாவுக்குத் திரும்புவோம். 1927இல் மலாயாவில் எந்தப் பணத்தைத் தொட்டாலும் ரப்பர் வாசனை அடிக்கும். தவுக்கேயின் கடை, செட்டியாரின் வட்டி, வக்கீலின் ஃபீஸ், குமாஸ்தாவின் சம்பளம் எல்லாம் சுற்றி வளைத்துப் போய் நிற்பது பால்மரத்திலும் ஈயத்திலும். பால்மரத்தைச் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அவர்களும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறியவர்கள்தான். 1927இல் மட்டும் லட்சத்துக்கு மேற்பட்டோர் குடியேற்ற நிதியின் செலவில் வந்து இறங்கினார்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காத பயணம். வழி போட்டவர் கங்காணி, தங்குமிடம் லயம்.

கடல் கடந்த இந்தியாவைத் தேடி வந்தவருக்கு எதிரில் ஆறு லட்சத்தை நெருங்கும் இந்தியர்கள் இருந்தார்கள். மாரியம்மன் கோயில் கட்டி, தீமிதித்து, பத்துமலையில் 1890களிலிருந்து காவடி எடுத்து, கூத்தும் தாலாட்டும் ஒப்பாரியுமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களிலிருந்து வசதியும் ஆங்கிலமும் உள்ள ஒரு சிறு பகுதி மண்டபத்துக்கு வந்து கேட்டது, கைதட்டியது, காசு கொடுத்தது. மற்றவர்கள் அகண்ட இந்தியாவின் வரைபடத்தில் ஏறவில்லை. ஆயிரம் வருஷம் பழையதென்றால் பண்பாடு, நேற்று கப்பலில் வந்ததென்றால் கூலி. அந்தக் காலத்து அறிஞர் உலகம் போட்ட கோடு இது, தாகூர் ஒருவரின் குற்றமாக இதைச் சுருக்க முடியாது.

புத்தகத் தலைப்புகளே இதைச் சொல்லிவிடுகின்றன. தாகூரின் பயணக் கடிதங்கள் 'ஜாவா யாத்ரிகனின் கடிதங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் வந்தன. சுனிதி குமாரின் பெரிய நூலுக்குத் 'தீவுமய பாரதம்' என்று பெயர், பின்னால் வந்த பதிப்பில் சயாமும் சேர்ந்தது. இரண்டு நூல்களின் உள்ளேயும் மலாயா இருக்கிறது. ஊர், பெயர், சாதி, மொழி என்று கூர்ந்து கவனிக்கும் சுனிதி குமாரிடம் நிறையவே இருக்கிறது. அட்டையில்தான் இல்லை. நான்கு வாரம் உபசரித்துக் காசு கொடுத்த நாடு, வழியில் வந்த ஸ்டேஷனாகிவிட்டது.

பயணத்தால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. ஜாவாவின் பாத்திக் கலை சாந்திநிகேதனில் வேரூன்றியது. தாகூரின் பிற்கால நாட்டிய நாடகங்களில் ஜாவா நடனத்தின் சாயல் உண்டு. இந்தோனேசியக் கல்வியாளர்களோடு உறவு உண்டானது. சிக்கனமாகப் போட்ட பயணத்துக்கு இது பெரிய அறுவடை. ஆனால் காசு தீரவே இல்லை. 1936இல், 74 வயதில், நாட்டியக் குழுவோடு வட இந்திய ஊர்களில் நிதி திரட்டிக்கொண்டிருந்த தாகூரை டெல்லியில் சந்தித்த காந்தி, இந்த வயதில் இந்த அலைச்சல் வேண்டாம் என்று 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்துகொடுத்தார்.

ஆரியநாயகத்தின் கதை அதற்குப் பிறகும் நீள்கிறது. 1930இல் தாகூரோடு ஐரோப்பாவுக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் போனார். பிறகு மனைவி ஆஷாதேவியோடு காந்தியிடம் சேர்ந்தார். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்தை நடத்த உருவான அமைப்புக்குச் செயலாளரானார். குழந்தைகள் கைத்தொழில் வழியே படிக்க வேண்டும், அந்தத் தொழிலின் வருமானத்திலேயே பள்ளி தன் செலவைத் தாங்க வேண்டும் என்பது அந்தத் திட்டம். ஒரு பள்ளிக்காக மலாயாவில் ஊர் ஊராக மண்டபம் பிடித்துக் காசு திரட்டியவர், யாரிடமும் கையேந்தாத பள்ளிக்காக சேவாகிராமில் உழைத்தார்.

இன்று மலிவு விமான டிக்கெட்டில் யோக்யாகார்த்தா போய் போரோபுதூரில் சூரிய உதயம் பார்க்கிற நம் இளைஞர்கள் தாகூரின் பாதையில்தான் போகிறார்கள். போய்ப் பார்க்க வேண்டிய இடம், சந்தேகமில்லை. திரும்பி வந்த பிறகு ஈப்போ பக்கமோ தைப்பிங் பக்கமோ ஒரு பழைய தோட்டத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். இடிந்த லயமும் முனியாண்டி கோயிலும் இருக்கும். அந்த 50 காசுகள் கிளம்பிய இடம் அது. அதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. பஸ் காசு போதும்.