யாதவகிரியில் பிறந்த வண்டி: மைசூர் ஜாவா, யெஸ்டி வரலாறும் எங்கள் வீட்டு நினைவுகளும்

மைசூரிலிருந்து வருகிறோம் என்றால் ஊர்ப்பக்கம் உறவினர்கள் நான்கு பொருள்களைத்தான் கேட்பார்கள்: பட்டு, சந்தனச் சோப்பு, ஊதுவத்தி, மைசூர்பாகு. இந்தப் பட்டியலில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பது என் வழக்கம். 1960-களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். தென்னாட்டு மலைச்சாலைகளில் ஓடாத இடமில்லை என்னும்படி அந்த வண்டிகள் ஓடின. இன்றும் சில ஓடுகின்றன. அவற்றில் ஒன்று என் வீட்டு வாசலில் நிற்கிறது.

நான் வரலாற்று ஆசிரியன் அல்லன். அசோகபுரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவரின் மகன். ஆயினும் நம் குடும்பங்களின் மைசூர் வாழ்க்கையோடு பின்னிப்பிணைந்த இவ்வண்டியின் கதையை யாராவது தமிழில் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் பல நாளாக உண்டு. மலர்க் குழுவினர் கேட்டபோது இதையே எழுத எடுத்துக்கொண்டேன்.

பெயர்க் காரணம்

நான் படித்த பள்ளியில் தமிழ் கற்பித்த ஐயா, ஜாவா என்ற பெயரைப் பார்த்துவிட்டு, "மணிமேகலையில் வரும் சாவக நாடு இதுதானப்பா" என்று பெருமிதத்தோடு சொன்னார். நாங்களும் பல ஆண்டுகள் அப்படியே நம்பினோம். உண்மை வேறு. ஃபிரான்டிசெக் யானெச்செக் என்ற செக் நாட்டுத் தொழிலதிபர் 1929-இல் ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை வாங்கினார். ரோமன் எழுத்தில் தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளையும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்துகளையும் சேர்த்தார். செக் மக்கள் அதை 'யாவா' என்பார்கள். நாம் ஆங்கில முறையில் படித்து 'ஜாவா' ஆக்கிக்கொண்டோம். சாவகத் தீவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஜெர்மானியர் செக் நாட்டைப் பிடித்துவைத்திருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜாவாப் பொறியாளர்கள் ஒரு புதிய 250 சி.சி. வண்டியை மறைவாக உருவாக்கி வந்தார்கள். போர் முடிந்து 1946-இல் பாரிஸ் கண்காட்சியில் அது வெளிப்பட்டபோது உலகம் வியந்தது. நம் மைசூர் ஜாவா அந்த வண்டியின் வழித்தோன்றல்.

யெஸ்டி என்ற பெயருக்கு இன்னும் நெருக்கமான பொருள் உண்டு. அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

யாதவகிரி ஆலை

சுதந்திரத்துக்குப் பின் பம்பாயில் ஜாவா வண்டிகளை இறக்குமதி செய்து விற்றவர்களில் இரானி குடும்பத்தினரும் உண்டு. 1950-களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் முழு வண்டிகளை இறக்குமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. வெளியிலிருந்து வாங்க முடியாதென்றால் உள்ளேயே செய்வோம் என்று ருஸ்தம் இரானியும் ஃபாரூக் இரானியும் முடிவெடுத்தார்கள். செக் நிறுவனத்தின் உரிமத்தோடு ஐடியல் ஜாவா நிறுவனம் தோன்றியது. யாதவகிரியில் அமைந்த ஆலையை 1961-இல் திறந்துவைத்தவர் அப்போதைய மைசூர் மாநில ஆளுநர் ஜெயசாமராஜ உடையார். முன்னாள் மன்னரான இவரே பின்னர் 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்துக்கும் ஆளுநராக இருந்தார் என்பது நமக்கு உவப்பான செய்தி.

யாதவகிரி என்றால் நம்மவர்க்கு ஆர்.கே. நாராயண் வீடும் ஆகாசவாணியும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஆலைச் சங்கு. நாங்கள் ஒண்டிகொப்பலில் குடியிருந்தோம். சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பாள்.

அதே காலத்தில் சென்னைத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை நடந்துகொண்டிருந்தது. 1955-இல் ஆங்கிலேய நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து தொடங்கியது அது. புல்லட் கடற்கரையில் பிறந்தது, ஜாவா பீடபூமியில் பிறந்தது என்பார் அப்பா. ஊரில் சித்தப்பா புல்லட் கட்சி, இங்கே அப்பா ஜாவா கட்சி. பொங்கலுக்குப் பொங்கல் இந்தச் சண்டை ஓயாது.

வண்டியின் அமைப்பு

அப்பா 1969-இல் ஒரு பழைய ஜாவாவைக் கைமாற்றாக வாங்கினார். ஏறக்குறைய 250 சி.சி. கொள்ளளவு, ஒரே சிலிண்டர், இரண்டு புகைக்குழாய். குழாய் இரண்டென்பதால் சிலிண்டரும் இரண்டு என்று நினைப்பவர்கள் பலர். ஒரே சிலிண்டரிலிருந்து புகை இரண்டு வழியாகப் பிரிந்து வெளியேறும், அவ்வளவுதான். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், மீண்டும் இறக்கினால் கியர். கியர் லீவரைக் காலால் அழுத்தும்போதே கிளட்சும் தானாக விடுபடும். செயின் முழுவதும் தகட்டுப் பெட்டிக்குள் மூடியிருப்பதால் சேறும் மணலும் அண்டாது. மண்சாலையில் நெடுந்தூரம் போகிறவனுக்கு இதன் அருமை தெரியும்.

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். புல்லட்டைப் போல இதற்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். எரியப்போகும் பெட்ரோலோடு வரும் எண்ணெய்தான் பிஸ்டனையும் கிராங்கையும் காப்பாற்றும். லிட்டருக்கு 40 மில்லி என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. எண்ணெய் கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும், சைலன்சர் அடைக்கும். குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய்க் குளியல் எங்களுக்கும் வண்டிக்கும் ஒன்றாகவே நடக்கும். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவது, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி சரிபார்ப்பது, சைலன்சரின் உட்குழாயை உருவிக் கரியை எரித்து எடுப்பது. "வண்டி ஓட்டுறவன் பாதி மெக்கானிக்கா இருக்கணும்டா. இல்லாட்டி நடு ரோட்டுல நிப்பே" என்பார் அப்பா. பத்து வயதிலேயே பாயிண்ட் இடைவெளி பார்க்க நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

திம்பம் இறக்கம்

1973 முதல் மைசூர் வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வந்தன. 1978-இல் ரோட்கிங் அறிமுகமாயிற்று. பெயருக்கேற்ப நெடுஞ்சாலைக்கான வண்டி. வேலை கிடைத்துச் சில ஆண்டுகள் கழித்து, 1986-இல் நான் வாங்கியது அதுதான்.

நமக்கு ஊருக்குப் போக இரண்டு காட்டு வழிகள். ஒன்று குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை வழியாக உதகைக்கு. மற்றொன்று நஞ்சன்கூடு, சாமராஜநகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி வழியாகச் சத்தியமங்கலத்துக்கு. சத்திக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் வண்டி திணறும் என்று பயப்படுவது புதியவர்கள். பழகியவர்கள் பயப்படுவது இறக்கத்துக்கு.

காரணம் இதுதான். இறக்கத்தில் த்ராட்டிலை முழுக்க மூடிவிட்டு, கியரில் வைத்தே எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்துவோம். பிஸ்டன் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் பெட்ரோல் மிகக் குறைவாகவே உள்ளே போகும். பெட்ரோல் போகவில்லை என்றால் எண்ணெயும் போகாது. "எறக்கத்துல நடுநடுவுல கொஞ்சம் த்ராட்டில் குடு, வயித்துக்குச் சோறு போடுற மாதிரி" என்று அப்பா ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிது, பின்னால் மனைவி, பண்ணாரியில் நேரத்துக்குத் தரிசனம் ஆக வேண்டும் என்ற அவசரம். 1988-இல் ஒரு வெள்ளிக்கிழமை திம்பத்தில் அதை மறந்தேன். கடைசி வளைவுகளுக்கு அருகே பின்சக்கரம் கிறீச்சென்று இழுத்து நின்றது. கிளட்சைப் பிடித்ததால் கீழே விழாமல் பிழைத்தோம். பிஸ்டன் இறுகிவிட்டது.

சுற்றிலும் காடு. அரைமணி நேரம் ஆறவிட்டேன். பிளக்கைக் கழற்றி அந்தத் துளைவழியே சில சொட்டு எண்ணெய் விட்டு, கிக்கரை மெல்ல மெல்ல அசைத்தேன். நாலைந்து முறை கல்லாக நின்றது, பிறகு இளகியது. அம்மன் சன்னதியில் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லத் தேவையில்லை. பழுது வண்டியுடையதும் அன்று, ஆலையுடையதும் அன்று. சொன்ன சொல்லைக் கேளாத என்னுடையது. ஊரிலிருந்து திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனில் விழுந்த கீறலைக் காட்டி, "இத எடுத்து வச்சுக்கோ, உன் புள்ளைக்குக் காட்டு" என்றார். அந்தப் பிஸ்டன் இப்போதும் என் மேசைமேல் இருக்கிறது, காகிதம் பறக்காமல் இருக்க.

இது நம்ம காடி

இப்போது யெஸ்டி என்ற பெயருக்கு வருகிறேன். இரானி என்பது ஈரானிலிருந்து இந்தியாவுக்குக் குடிவந்த ஜரதுஷ்டிர சமயத்தினர் தாங்கிய பெயர். ஈரானின் நடுப்பகுதியில் யஸ்த் என்றொரு பழம்பெரும் நகரம் உண்டு. அச்சமயத்தினரின் தாயகங்களுள் ஒன்று. அந்த ஊர்க்காரர் என்பதே யெஸ்டி. புலம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று, பம்பாய் வழியாக மைசூர் சேர்ந்து, தான் செய்த வண்டியின் பெட்ரோல் டாங்கில் முன்னோர் ஊரின் பெயரை எழுதிவைத்தது. வீட்டு வாசலில் 'கோபி இல்லம்' என்று எழுதிவைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவை ஒட்டிக் கலவரம் வெடித்தது. அந்த நாட்களை இம்மலரின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவிலும் அச்சம் பரவியிருந்தது. தெருவில் நிறுத்தியிருந்த என் வண்டியின் முன்விளக்கில் தமிழில் 'முருகா' என்று எழுதியிருந்தேன். அடுத்த வீட்டுக் கன்னடக்காரர் ஜாவா ஆலையில் அசெம்பிளி பிரிவில் வேலை செய்தவர். இருட்டிய பிறகு வந்தார். சாவியைக்கூடக் கேட்கவில்லை. வண்டியை நியூட்ரலில் தள்ளிக்கொண்டுபோய்த் தம் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, மேலே சாக்கைப் போர்த்தினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இது நம்ம காடி சார்" என்றார். நம்ம என்றது ஆலையையா, தெருவையா, எங்கள் இருவரையுமா என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து வண்டியைத் துடைத்துத் திருப்பித் தந்தார். அந்த எழுத்தை அவர் அழிக்கவில்லை.

ஆலை மூடியது

1980-களின் நடுவில் காலம் மாறிவிட்டது. 1984-இல் நம் ஓசூரிலிருந்து இண்ட் சுசுகி வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் வந்தன. எல்லாம் ஜப்பானிய 100 சி.சி. வண்டிகள். பெட்ரோல் குறைவாகக் குடித்தன. ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கவில்லை. புகை பற்றிய விதிகளும் 1991-இலும் 1996-இலும் அடுத்தடுத்துக் கடுமையாயின. அவற்றுக்கேற்ப வண்டியை மாற்றியமைக்கப் பெருமுதல் தேவைப்பட்டது. தொழிலாளர் சிக்கல்களும் கடன் சுமையும் சேர்ந்துகொள்ள, 1996-இல் ஆலை நின்றது. அடுத்த வீட்டுக்காரர் அன்று முற்பகலிலேயே வீடு திரும்பினார். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்கலாம். என்ஃபீல்டின் ஆங்கிலத் தாய் நிறுவனம் 1970-இல் மறைந்தது. திருவொற்றியூரில் பிள்ளை பிழைத்து வளர்ந்தது. ஜாவாவிலோ செக் நாட்டுத் தாய் இன்றும் இருக்கிறது. மைசூர்ப் பிள்ளை போய்விட்டது.

ஆனாலும் வண்டிகள் போகவில்லை. ஆலையில் கற்ற கைகள் தெருவோரக் கடைகளுக்கு வந்தன. எங்கள் மெக்கானிக் பாய் அப்படியொருவரிடம் பழகியவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே டைமிங் சொல்லுவார். உதிரிபாகம் கிடைக்காதபோது லேத்தில் கடைந்து போடுவார். "கம்பெனி போனா என்ன சார், நாம இருக்கோமில்ல" என்பது அவர் வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஜாவா, யெஸ்டி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று மைசூரில் பழைய வண்டிகள் அணிவகுக்கும்போது முப்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளே பலர். அவர்கள் பிறந்தபோது ஆலை இல்லை. 2018 நவம்பரில் ஜாவா பெயரும் 2022 ஜனவரியில் யெஸ்டி பெயரும் புதிய வண்டிகளில் மீண்டும் வந்தன. நல்ல வண்டிகள்தாம். ஆனால் அவை மத்தியப் பிரதேசத்தில் செய்யப்படும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். எண்ணெய் கலக்க வேண்டாம், இறக்கத்தில் பயமும் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்

அந்த ஆலையில் வேலை செய்தவர்களில் தமிழ்க் குடும்பத்தினரும் இருந்தனர். அவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் இன்று இல்லை. அவர் கை எதை எப்படிப் பொருத்தியது என்பதை நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது ஜாவாவில் வேலை பார்த்திருந்தால், அல்லது பரணில் அந்தக் காலத்து ஆர்.சி. புத்தகம், பில், ஆலை வாசலில் எடுத்த புகைப்படம் இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் சங்க அலுவலகத்தில் ஒரு நகல் கொடுங்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசி, நாள், இடம், வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

சென்ற பொங்கலுக்கு என் மகன் ரோட்கிங்கில் சத்திக்குப் போய்வந்தான். 2022 முதல் அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் விடிந்த பிறகுதான் கிளம்பினான். பண்ணாரியிலிருந்து ஃபோன் செய்தான். "அப்பா, எறக்கத்துல சோறு போட்டேன்" என்றான்.