மருந்தும் உப்பும் - மோகனூரிலிருந்து ஒரு பார்வை

காவிரியின் வடகரையில், நாமக்கல்லுக்குத் தெற்கே அமைந்த மோகனூரை இலக்கிய அன்பர்கள் ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பர். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று பிறந்த ஊர் அது. அவருடைய தந்தையார் வெங்கடராமன் அவ்வூரில் காவல்துறைப் பணியில் இருந்தவர். ஆயுதம் தாங்கிய அரசின் ஊழியர் ஒருவரின் மகன், ஆயுதத்தை விலக்கிய போருக்கு 1930இல் நடைப்பாட்டு எழுதினார். அப்பாட்டை அகிம்சையின் பெருமையாகப் போற்றி நாம் அத்துடன் நின்றுவிடுகிறோம். அதன் பின்னே துப்பாக்கியின் வரலாறு ஒன்றும் உண்டு. அதிலும் குறிப்பாகத் தோட்டாவின் வரலாறு. தமிழ் படித்தவர்களுக்குத் தோட்டாவோடு என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். துப்பாக்கி என்பது துருக்கி மொழியிலிருந்து வந்த சொல். ஈழத்தில் வழங்கும் துவக்கு என்பதும் அதே மூலத்தது. ஆனால் அதனுள் இடும் பொருளுக்குத் தமிழர் இரவல் சொல் தேடவில்லை, மருந்து என்றனர். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே பெயர்! அம்மருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. எஞ்சியவை கரியும் கந்தகமும். வெடியுப்பு கடல் கடந்து வரவேண்டிய பொருளன்று. ஊர்ப்புறத்து உவர் மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி உப்பும் வெடியுப்பும் எடுக்கும் தொழிலைத் தமிழகத்தில் உப்பிலியர் செய்து வந்தனர்.

பழைய திரித் துப்பாக்கியின் இயல்பும் இதற்கு இசைந்ததே. குழல் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் கெட்டித்து, திரியால் நெருப்பு வைக்க வேண்டும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது மெதுவானது, மழையில் நனைந்தால் பயனற்றது. எனினும் அதற்கு ஒரு பெரும் வலிமை இருந்தது. அதற்கு வேண்டிய அனைத்தையும் உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். ஊர்க்கொல்லனும் உப்புக் காய்ச்சுபவனும் இருந்தால் ஒரு பாளையம் படை நடத்தலாம்.

கும்பினியார் இதை நன்கு உணர்ந்திருந்தனர். சேலம், பாராமகால் பகுதிகள் 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அவர்கள் வசமாயின. மருது சகோதரர்கள் வீழ்ந்தபின், 1801 டிசம்பர் முதல் நாளன்று வெளியான அறிக்கை தென்பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. 1805இல் தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். கோட்டைகள் இடிந்தன, ஆயுதங்கள் பறிபோயின. ஆயினும் மருந்து செய்யும் அறிவு மறையவில்லை. அறிவை எப்படிப் பறிமுதல் செய்வது?

அதைச் செய்து முடித்தது சட்டமன்று, தொழில்நுட்பமே என்பது நம் கருத்து. அளந்த மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிய தோட்டா வந்தது. அதன்மீது தடவிய கொழுப்பைப் பற்றிய அச்சம் 1857இல் வடநாட்டுச் சிப்பாய்களிடையே மூட்டிய தீயை அனைவரும் அறிவர். அடுத்துப் பித்தளை உறையுடன் கூடிய தோட்டா வந்தது. அடிப்பகுதியில் வெடிமுனை, உள்ளே மருந்து, முகப்பில் குண்டு என எல்லாம் நுட்பமான அளவில் இணைந்த ஒரே பொருள். சுடுவது எளிதாயிற்று, செய்வது அரிதாயிற்று. ஊர்க்கொல்லன் துப்பாக்கியைப் பழுது பார்க்கலாம். அவனால் தோட்டாவை வார்க்க இயலாது. அது ஆலையிலிருந்துதான் வரவேண்டும்.

இந்நிலையில்தான் லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தின் கொடுமை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இதில் ஒரு வியப்பு உண்டு. காவிரி பிறக்கும் குடகு நாட்டில், குடகருக்கு அக்காலத்தில் அளித்த விலக்கு இன்றும் தொடர்கிறது. 2029 வரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது. ஒரே ஆறு, ஒரே அரசு. மோகனூர்க் கரையில் இருந்தவருக்கோ அவ்வுரிமை இல்லை. ஆட்சியாளர் அஞ்சியது ஆயுதத்தை அன்று, அதை ஏந்தும் ஆளை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இப்பின்னணியில் கைத்துப்பாக்கியைக் காண்போம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அடுத்தடுத்துச் சுடத் தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் புதுவகைக் கருவி அது. அதே துப்பாக்கியால் அவர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அத்தகைய கருவியை நாடியவர்கள் பிரிட்டிஷ் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியை நோக்க வேண்டியிருந்தது. தியாகத்தின் அளவில் குறைவில்லை. ஆனால் ஓர் இயக்கம் தன் தோட்டாவுக்கு அயல்நாட்டு ஆலையை நம்பியிருக்கும்போது, அது எத்தனை பேரைத் திரட்ட முடியும்?

இவ்வினாவுக்கு விடை 1930 ஏப்ரலில் கிடைத்தது. அம்மாதம் 18ஆம் நாள் வங்கத்துச் சிட்டகாங்கில் சூரியா சென் தலைமையில் இளைஞர்கள் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினர். துணைப்படையின் கிடங்கில் துப்பாக்கிகள் கிடைத்தன. அவற்றுக்குரிய தோட்டாக்கள் கிடைக்கவில்லை! உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற கருவிகள் வெறும் இரும்பாயின. அதே நாளில் தமிழகத்தில் இராஜாஜியின் தொண்டர்கள் தஞ்சை நாட்டு ஊர்களினூடே நடந்துகொண்டிருந்தனர். ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டு, 28 அன்று வேதாரண்யம் சேர்ந்த அப்படையினர் பாடிச் சென்றது மோகனூரில் பிறந்த கவிஞரின் பாட்டு.

தோட்டா இல்லாததால்தான் அகிம்சை பேசினர் என்று சிலர் எள்ளுவதுண்டு. அதை நாம் ஏற்கவில்லை. 1932இல் ஓராண்டு சிறை சென்ற கவிஞரின் நெஞ்சுரம் வேறு வழியின்மையால் பிறந்ததன்று. அதே வேளையில், வன்முறையாளர் அறியாமையால் தோற்றனர் என்பதும் நேர்மையான கூற்றாகாது. உண்மை இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது. தோட்டாவைப் பூட்டி வைக்கலாம். கடலைப் பூட்டி வைக்க முடியாது. அரசு காவல் காக்கக்கூடிய பொருளை விட்டு, காவல் காக்க முடியாத பொருளைப் போராட்டம் தேர்ந்துகொண்டது. வெடியுப்பை இழந்த மக்கள் உப்பைக் கையில் எடுத்தனர் என்று சொன்னால் அது வெறும் சொல்லணியாகாது.

இன்று அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் பித்தளை உறையைப் பொறுக்கி, வெடிமுனையும் மருந்தும் குண்டும் புதிதாக இட்டு, வீட்டுக் கொட்டகையிலேயே மறுநிரப்பல் செய்வது பலருக்குப் பொழுதுபோக்கு. நம் நாட்டிலோ 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா செய்தல் குற்றம். ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளும் 2019இல் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. மோகனூரைக் கடந்து காவிரி செல்லும் திருச்சியில், 1966 முதல் அரசுத் துப்பாக்கி ஆலை இயங்குகிறது. இன்னொரு புறம், கொல்லிமலையில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறை அறிவிக்கும் செய்திகளையும் படிக்கிறோம். மருந்தைக் கெட்டித்துச் சுடும் பழைய கருவி மலையில் நிலைத்திருப்பதற்குக் காரணம், அதற்கு ஆலைத் தோட்டா வேண்டாம் என்பதே.

இக்கட்டுப்பாட்டை நாம் குறை கூறவில்லை. குடியாட்சியில் அது தேவை. ஆனால் அந்நியன் பறித்ததையும் நாமே விரும்பி விலக்கியதையும் ஒன்றாக எண்ணுவது வரலாற்றுக்கு இழைக்கும் பிழை. பறிக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, விலக்குவதன் வலிமையைப் பாடியவர் நாமக்கல் கவிஞர். அடுத்த முறை அப்பாட்டைக் கேட்கும்போது, அதே ஏப்ரலில் தோட்டா தேடித் தவித்த கைகளையும் சற்றே நினைத்துக்கொள்வோம்.