ஹைலிகன்ஸ்டட் மடல்

செவித்திறனை இழக்கும் ஒருவர் முதலில் இழப்பது எதை? ஒலியைத்தான் என்று நாம் எளிதாக விடை சொல்லிவிடுவோம். பீத்தோவன் 1802இல் எழுதி, எவருக்கும் அனுப்பாமல் தம்மிடமே வைத்துக்கொண்ட மடல் வேறொரு விடையைத் தருகிறது.

இருபதுகளின் பிற்பகுதியிலேயே அவருக்குச் செவிக்குறை தொடங்கிவிட்டது. 1801 ஜூனில், இளமைக்கால நண்பரும் மருத்துவருமான வேகெலருக்கு மனம்விட்டு எழுதுகிறார். காதுகள் இரவும் பகலும் இரைகின்றன. அரங்கில் மேடையை ஒட்டி அமர்ந்தால்தான் நடிகரின் பேச்சு புரிகிறது. ஏறத்தாழ இரண்டாண்டுகளாக மனிதர் கூடும் இடங்களைத் தவிர்த்து வருகிறார். இதை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார்.

மறுஆண்டு, மருத்துவர் ஷ்மிட்டின் அறிவுரைப்படி வியன்னாவுக்கு வெளியே அன்று சிற்றூராக இருந்த ஹைலிகன்ஸ்டட்டில் தங்கினார். அங்கே அக்டோபர் 6ஆம் நாள் தம் சகோதரர்களை விளித்து எழுதியதே இம்மடல். தம்மை மனிதரை வெறுப்பவராக உலகம் எண்ணுவதுதான் அதில் முதல் முறையீடு. உரக்கப் பேசுங்கள், எனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல இசைக்கலைஞரான அவருக்கு நா எழவில்லை. அருகில் நின்றவர் தொலைவிலிருந்து வந்த குழலோசையைக் கேட்க, தமக்கு மட்டும் எதுவும் கேட்காத அவமானத்தைப் பதிவு செய்கிறார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தின் விளிம்புவரை சென்றதாகவும், கலையே தம்மைத் தடுத்து நிறுத்தியதாகவும் எழுதுகிறார். தாம் இறந்தபின் ஷ்மிட் தம் நோயை விவரித்து எழுத வேண்டும் என்பது அவரது வேண்டுகோள். அப்போதாவது உலகம் தம்மோடு சமாதானம் கொள்ளட்டும் என்கிறார்.

ஆக, அவரை வதைத்தது ஒலியின் மறைவு மட்டுமன்று. அதை மறைக்க வேண்டியிருந்ததும், அதனால் விளைந்த தனிமையும்தான். செவித்திறன் இழப்புக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்புண்டு என்று இன்றைய மருத்துவ ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. செவிக்குறை உள்ள அனைவரும் சோர்வுக்கு ஆளாவதில்லை. ஆயினும் பேச்சைப் பின்தொடரும் களைப்பு, தவறாகப் புரிந்துகொள்வோமோ என்ற கூச்சம், மெல்ல மெல்ல ஒதுங்குதல் ஆகியவை அதற்கான வழிகளாகச் சுட்டப்படுகின்றன. இம்மூன்றின் சாயலையும் அந்த மடலில் காண்கிறோம்.

1818 முதல் நண்பர்கள் தாம் சொல்ல வந்ததைக் குறிப்பேடுகளில் எழுதிக் காட்டினர்; பீத்தோவன் பெரும்பாலும் வாயால் விடையளித்தார். 130க்கும் மேற்பட்ட ஏடுகள் எஞ்சியுள்ளன. சமையல், வாடகை, பணம், இசை என்று அன்றாட வாழ்வு முழுதும் அவற்றில் இருக்கிறது. காது மீளவில்லை. ஆனால் மறைக்க இனி எதுவும் இல்லை. பென்சிலோடு எதிரே அமர ஆட்கள் இருந்தார்கள்.

மடலோ 1827இல் அவர் இறந்த பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் அந்த முறையீட்டை எவரும் வாசிக்கவில்லை. இரண்டாம் முறை கேட்பவரிடம் 'ஒன்றுமில்லை, விடுங்கள்' என்று நாம் சொல்லிவிடும் தருணங்களில் அதை நினைத்துக்கொள்ளலாம்.